ஸ்டாண்டர்ட் லைப்ரரி டாக்ஸை எப்படி அடுக்குறது

நம்ம டீம்ல ஒரு சின்ன ப்ரோகிராமிங் லாங்குவேஜோட ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்கு (லாங்குவேஜோட கூடவே வர்ற ரெடிமேட் கோட்) ரெஃபரன்ஸ் எழுதினப்போ எல்லா மாட்யூலையும் (ஒரு வேலைக்கான ஃபங்ஷன்களோட தொகுப்பு) பேர் வரிசைல கொட்டிட்டோம், யாருக்கும் ஒண்ணும் கிடைக்கல. சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்ட பாருங்க, கீழ மீன், கறி, காய்கறி தனித்தனியா, துணிமணி மாடில, கடை பேர் தெரியலன்னாலும் சரியான இடத்துல போய் நிக்கலாம்ல, டாக்ஸையும் அதே மாதிரிதான் அடுக்கணும். பைத்தான் லாங்குவேஜ் டாக்ஸ்ல முதல்ல பில்ட்-இன் ஃபங்ஷன், அப்புறம் பில்ட்-இன் டைப், அதுக்கப்புறம் டெக்ஸ்ட், கணக்கு, ஃபைல்னு வேலைவாரியா போகும். பேர் வரிசை இண்டெக்ஸ் தனியா இருக்கட்டும்.

ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரே ஒழுங்கு: என்ன செய்யுது, என்ன குடுக்கணும், என்ன திரும்ப வரும், எப்ப எரர் வரும், எந்த வெர்ஷன்ல வந்துச்சு. எரர் பகுதியதான் எல்லாரும் சோம்பல்பட்டு விட்டுடுறாங்க, ஆனா ராத்திரி 11 மணிக்கு ஒருத்தர் அந்த பக்கத்த திறக்குறதே அதுக்குத்தான் லா.

உதாரண கோட எழுதிட்டு அப்படியே விட்டுடாதீங்க, நாளாக நாளாக பொய்யாயிடும். பைத்தான்ல டாக்டெஸ்ட் இருக்கு, டாக்ஸ்ல உள்ள உதாரணத்த ஓட்டி சரிபாக்குற டூல்; கோ லாங்குவேஜ்ல எக்ஸாம்பிள் ஃபங்ஷன்ல வர வேண்டிய அவுட்புட்ட கமெண்ட்டா போட்டா டெஸ்ட் ஓடும்போதே சரிபாத்துடும்.

லைப்ரரியிலேருந்து ஒரு மாட்யூல தூக்கினாலும் அதோட பக்கத்த அழிச்சிடாதீங்க. பைத்தான் 3.13ல 19 பழைய மாட்யூல் போச்சு, ஆனா எந்த வெர்ஷன்ல எடுத்தோம்னு சொல்ல குட்டி பக்கம் வச்சிருக்காங்க.