ஓடும்போது நிற்கும் பழைய கார்: நின்ற இடத்திலேயே கோளாறைப் பிடிக்கும் செய்முறை

நாங்குநேரியைத் தாண்டி வள்ளியூர் செல்லும் நாற்கரச் சாலையில், ஒரு சித்திரை மாத மதியம், என்னுடைய 1997ஆம் ஆண்டு மாருதி 800 எந்த முன்னறிகுறியும் இல்லாமல் அணைந்தது. செல்ஃப் (எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் மோட்டார்) நன்றாகச் சுற்றியது. எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. வேப்பமர நிழலில் இருபத்தைந்து நிமிடம் காத்திருந்த பிறகு சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடவாததுபோல் ஸ்டார்ட் ஆனது. அடுத்த மூன்று மாதங்களில் பிளக், பெட்ரோல் ஃபில்டர், பெட்ரோல் பம்ப், பேட்டரி என்று ஒவ்வொன்றாக மாற்றினேன். கார் தன் போக்கில் நின்றுகொண்டுதான் இருந்தது. பாளையங்கோட்டையில் பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே மட்டும் ஒருநாளும் நிற்காது. “இப்போ நல்லாத்தான ஓடுது அண்ணாச்சி, நிக்கும்போது கொண்டாங்க” என்றார் மெக்கானிக். அப்போது எரிச்சலாக இருந்தாலும் அவர் சொன்னது சரிதான். விட்டுவிட்டு வரும் கோளாறு, அது இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் மட்டுமே சோதனைக்கு அகப்படும். ஆகவே சோதிக்கும் கருவியும் சோதிக்கத் தெரிந்த ஆளும் காருக்குள்ளேயே இருக்க வேண்டும்.

கீழே உள்ளவை பெட்ரோல் கார்களுக்கு மட்டும் பொருந்தும். கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த பழைய மாருதி, ஆம்னி, பத்மினி, அம்பாசிடர் ஆகியவற்றை மனத்தில் வைத்தே பெரும்பகுதியை எழுதியிருக்கிறேன். 2000ஆம் ஆண்டையொட்டி வரத் தொடங்கிய எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டிகளுக்கு மாறுபடும் இடங்களைத் தனியாகச் சொல்கிறேன்.

டிக்கியில் இருக்க வேண்டியவை

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப் (கரண்ட் இருந்தால் எரியும் சோதனை விளக்கு), நல்ல நிலையில் உள்ள உபரி ஸ்பார்க் பிளக் ஒன்று, 10 எம்.எம். ஸ்பேனர், உப்புத்தாள், பழைய துணி, ஒரு பாட்டில் தண்ணீர், பேனாவுடன் ஒரு சிறிய நோட்டு. இவற்றில் நோட்டைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். என் அனுபவத்தில் மல்டிமீட்டரைவிட அதற்கே மதிப்பு அதிகம்.

முதல் படி: எழுதி வையுங்கள்

ஒவ்வொரு முறை நிற்கும்போதும் நேரம், எவ்வளவு தூரம் ஓடிய பிறகு நின்றது, டேங்கில் பெட்ரோல் எவ்வளவு, ஏ.சி.யும் ஹெட்லைட்டும் போட்டிருந்ததா, மேடா சமதளமா, மழையா வெயிலா, எத்தனை நிமிடம் கழித்துத் திரும்ப ஸ்டார்ட் ஆனது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே, நின்ற விதத்தையும் எழுதுங்கள். சுவிட்சை அணைத்ததுபோல் ஒரே கணத்தில் நின்றால் பெரும்பாலும் மின்சாரப் பக்கம் கோளாறு. இருமி, இழுத்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் வேகம் பிடிக்காமல் மெல்ல நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் பக்கம். இது முடிந்த முடிவல்ல. எந்தப் பக்கத்தை முதலில் பார்ப்பது என்பதற்கான வழிகாட்டி.

இன்னொன்று, எஞ்சின் நின்று சாவி ஆன் நிலையில் இருக்கும்போது டாஷ்போர்டில் பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் எரிய வேண்டும். அவையும் எரியவில்லை என்றால் இக்னீஷன் வழியில் கரண்டே வரவில்லை என்று பொருள். மதிய வெயிலின் கூச்சத்தில் அந்தச் சின்ன விளக்குகளை நான் கவனித்ததே இல்லை. அதைக் கவனித்திருந்தால் மூன்று மாதச் செலவு மிச்சமாகியிருக்கும்.

ஓடும்போது அணைந்தால் பதறிச் சாவியை உருவிவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் அணைந்தபின் பிரேக் பூஸ்டரில் ஓரிரு மிதிக்குத்தான் பலம் மிச்சமிருக்கும் என்பதால், விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள்.

இரண்டாம் படி: செல்ஃப் சுற்றுகிறதா?

“ஸ்டார்ட் ஆகவில்லை” என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. செல்ஃப் சுற்றியும் எஞ்சின் பிடிக்காதது ஒன்று. செல்ஃபே சுற்றாதது இன்னொன்று. செல்ஃப் சுற்றாமல் ‘டக டக டக’ என்று தொடர்ந்து சத்தம் வந்தால் பேட்டரி இறங்கியிருக்கலாம், அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கலாம். ஒரே ஒரு ‘டக்’ மட்டும் வந்தால் செல்ஃப் மோட்டாரையும் அதற்குப் போகும் தடித்த வயரையும் பாருங்கள். சத்தமே இல்லையென்றால், சாவியிலிருந்து சொலினாய்டுக்கு (செல்ஃபை இயக்கும் மின்காந்த சுவிட்ச்) வரும் மெல்லிய வயரில் கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இரவு முழுவதும் நின்ற காரில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழக் கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. இந்த மூன்று எண்களும் சரியாக இருக்கும் நிலையில் புதுப் பேட்டரி வாங்குவது வீண். அந்த வீண்செலவை நான் செய்திருக்கிறேன்.

பேட்டரியின் நெகட்டிவை எஞ்சினோடும் காரின் உடலோடும் இணைக்கும் எர்த் வயரை யாரும் சந்தேகிப்பதில்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும், மறுமுனையை எஞ்சின் உலோகத்திலும் வைத்துக்கொண்டு வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் இணைப்பில் தடை இருக்கிறது. கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து முடுக்குங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையோரம் நீரில் நின்ற கார்களில் இந்தச் சோதனையை முதலாவதாகச் செய்யலாம். வெளியே சுத்தமாகத் தெரியும் கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும்.

மூன்றாம் படி: டாஷ்போர்டில் ஒரு காவல் விளக்கு

என் காரின் கோளாறு அகப்பட்டது இந்த முறையில்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மீட்டர் போர்டில் போடும் 3 வாட், 12 வோல்ட் பல்பு ஒன்றும் அதற்கான ஹோல்டரும் வாங்குங்கள். இக்னீஷன் காயிலின் (பேட்டரி கரண்டைப் பிளக்கில் பொறி வரும் அளவுக்கு உயர்த்தும் பாகம்) பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு மெல்லிய வயரை எடுத்து, காயிலை ஒட்டியே 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை இடையில் போட்டு, பானட்டுக்குள்ளிருந்து ஓட்டுநர் பக்கம் கொண்டுவந்து பல்பில் இணையுங்கள். பல்பின் மறுமுனையை உடலின் எர்த்தில் கொடுங்கள். ஃபியூஸை விட்டுவிட வேண்டாம். வயர் எங்காவது உரசினால் தீப்பிடிக்கும். வயரை ஃபேன், பெல்ட், சைலன்சர் குழாய் ஆகியவற்றுக்கு எட்டாமல் கட்டுங்கள். பகலிலும் தெரிவதற்குப் பல்பைச் சுற்றிக் கறுப்பு டேப்பால் ஒரு சிறு குழல் செய்துகொள்ளலாம்.

சாவியை ஆன் செய்தால் இந்த விளக்கு எரியும். எஞ்சின் ஓடும்வரை எரிந்துகொண்டே இருக்க வேண்டும். கார் நின்ற கணத்தில் விளக்கும் அணைந்தாலோ மங்கினாலோ, காயிலுக்கு வரும் வழியில், அதாவது இக்னீஷன் சுவிட்ச், ஃபியூஸ், இடையிலுள்ள கனெக்டர் ஆகியவற்றில்தான் கோளாறு. விளக்கு நன்றாக எரியும்போதே கார் நின்றால் அந்த வழி முழுவதையும் சந்தேகத்திலிருந்து விடுவித்துவிடலாம். காயிலும், அதற்குப் பின்னால் உள்ளவையும், பெட்ரோலும்தான் மிச்சம்.

பல்பைப் பொருத்திய ஒன்பதாம் நாள், மூன்றடைப்பு அருகே கார் நின்றது. பல்பில் சிவப்பு இழை மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்குக்கு அடியில் இக்னீஷன் சுவிட்சின் வெள்ளை பிளாஸ்டிக் கனெக்டரைக் கழற்றினேன். நான்கு துளைகள் தும்பைப் பூப்போல இருக்க, ஒன்று மட்டும் கருகிய முறுக்கின் நிறத்தில் இருந்தது; உள்ளே இருந்த பித்தளை முனை தன் பிடிப்பை இழந்து அகன்றிருந்தது. நோட்டை எடுத்துப் பார்த்தேன். நின்ற ஐந்து முறையும் ஏ.சி. காற்றாடி முழு வேகத்தில் இருந்திருக்கிறது. வெயில்தான் காரணம் என்று நான் எண்ணியிருந்தேன். காற்றாடி இழுத்த கரண்டும் காயிலுக்கான கரண்டும் அதே முனை வழியாகப் போய் அதைச் சூடாக்கியதே உண்மையான காரணம்.

நான்காம் படி: பொறி வருகிறதா?

விளக்கு எரிகிறது, கார் பிடிக்கவில்லை என்றால், சூடு ஆறுவதற்குள் இதைச் செய்யுங்கள். பெட்ரோல் வாசனை அடித்தால் செய்யவே வேண்டாம். ஒரு பிளக் வயரைக் கழற்றி, உபரிப் பிளக்கில் செருகி, பிளக்கின் உலோக உடல் எஞ்சின் உலோகத்தில் அழுந்தித் தொடும்படி கம்பியால் கட்டிவிட்டு, கையை எடுத்துக்கொண்டு, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். கையில் பிடித்துக்கொண்டு சோதித்தால் ஷாக் பலமாக அடிக்கும். நீல நிறத்தில் ‘பட் பட்’ என்று வெடித்தால் பொறி நன்றாக இருக்கிறது. மஞ்சளாக மெலிந்து வந்தாலோ வராமலே போனாலோ காயில், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப், ரோட்டர், பாயின்ட் (காயிலின் கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பழைய வகை சுவிட்ச்) வண்டியானால் பாயின்ட், கண்டென்சர், எலெக்ட்ரானிக் இக்னீஷன் ஆனால் அதன் மாட்யூல் என்ற வரிசையில் பாருங்கள்.

காயிலும் மாட்யூலும் சூட்டில் தொடர்பு விட்டுப்போய், ஆறியதும் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. சாவியை அணைத்துவிட்டு, முனைகளில் படாமல் காயிலின் உடல்மீது ஈரத்துணியைச் சுற்றுங்கள். ஐந்து நிமிடத்தில் பொறி திரும்பினால் காயில்மீது சந்தேகம் வலுக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் தொல்லை என்றால், இரவில் விளக்கில்லாத இடத்தில் எஞ்சினை ஓடவிட்டுப் பானட்டைத் திறந்து பாருங்கள்; விரிசல் விட்ட பிளக் வயரில் நீலப் பொறி ஊர்வது கண்ணுக்கே தெரியும்.

ஐந்தாம் படி: பெட்ரோல் வருகிறதா?

பொறி நன்றாக இருந்தால், முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டு, அதன் பின் கார் ஸ்டார்ட் ஆனால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அடுத்து, எஞ்சின் அணைந்த நிலையில் ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை இழுங்கள். உள்ளே மெல்லிய கோடாகப் பெட்ரோல் பீய்ச்சினால் கார்புரேட்டரில் பெட்ரோல் இருக்கிறது. பீய்ச்சாவிட்டால் ஃபில்டர், பம்ப், ரப்பர் குழாய் என்று டேங்கை நோக்கிப் பின்னால் போங்கள்.

சமதளத்தில் நன்றாக ஓடும் கார், பாபநாசத்திலிருந்து காரையாறுக்கு ஏறும் மலைச்சாலையில் இழுக்காமல் நின்றால் அடைத்த ஃபில்டரை நினையுங்கள். ஏற்றத்தில் தேவைப்படும் அளவு பெட்ரோல் அதன் வழியே வராது. கத்திரி வெயிலில் நெரிசலில் நின்று கிளம்பும்போது மட்டும் தொல்லை என்றால், பம்பிலோ குழாயிலோ பெட்ரோல் ஆவியாகி அடைத்திருக்கலாம். அம்பாசிடர் ஓட்டியவர்கள் ஏ.சி. பம்ப்மீது ஈரத்துணி சுற்றியது இதற்காகத்தான். (குளிர்சாதனத்துக்கும் அந்தப் பம்புக்கும் சம்பந்தமில்லை, ஏ.சி. என்பது ஒரு பழைய பிராண்டின் பெயர்.) இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்கள் வெடிப்பு விடவோ நெகிழவோ கூடும் என்பதால், அவற்றை விரலால் அழுத்திப் பார்த்து, சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

வேகத்தில் ஓடி, சிக்னலில் காலை எடுத்தவுடன் மட்டும் அணைந்தால், ஐடில் (காலை எடுத்தபின் எஞ்சின் ஓடும் குறைந்த வேகம்) அளவு, விரிசல் விட்ட வேக்குவம் குழாய், சில கார்புரேட்டர்களில் இருக்கும் ஐடில் சொலினாய்டு ஆகிய மூன்றையும் பாருங்கள். சாவியை ஆன் செய்யும்போது அந்தச் சொலினாய்டு ‘டிக்’ என்று ஒலிக்க வேண்டும்.

எம்.பி.எஃப்.ஐ. வண்டியானால்

சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி ‘ம்ம்’ என்று பம்ப் ஒலிக்கும். நின்ற நேரத்தில் அந்த ஒலி இல்லையென்றால் பம்பின் ரிலேயையும் (சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்) ஃபியூஸையும் பாருங்கள். அதே அளவுள்ள ஹாரன் ரிலே இருந்தால் மாற்றிச் செருகிப் பார்க்கலாம். எஞ்சின் சுழல்வதை உணர்ந்து சொல்லும், சூட்டில் தொடர்பு விட்டுப்போகும் கிராங்க் சென்சார் இந்த வண்டிகளில் அடிக்கடி குற்றவாளியாகும். சென்சார் வயர்களிலும் ஈ.சி.எம். (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) வயர்களிலும் டெஸ்ட் லாம்பை வைக்கவே கூடாது. உள்ளே உள்ள சர்க்யூட் எரிந்துவிடும். அங்கிருந்து ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் நோட்டோடு போவதே நல்லது.

என் காருக்கு ஒரு புதிய கனெக்டரையும் முனைகளையும் திருநெல்வேலி ஜங்ஷனில் வாங்கிப் போட்டு, ஏ.சி. காற்றாடிக்கு ஒரு தனி ரிலே வைத்துச் சுவிட்சின் பாரத்தைக் குறைத்தோம். பல்பை மட்டும் உடனே கழற்றவில்லை. ஆவணி கடைசி வரை காற்றாடியை முழு வேகத்தில் வைத்தே நாகர்கோவிலுக்கும் திருச்செந்தூருக்கும் போய்வந்து, ஒருமுறையும் அது மங்கவில்லை என்று நோட்டில் எழுதிய பிறகே கழற்றினேன்.