பெட்ரோல் விலை ஏறுது, வண்டியை வீட்ல விட்டுட்டு ஆபீஸ் போறது எப்படி? சென்னைக்காரங்களுக்கு ஒரு செய்முறை

2022 ஏப்ரல்ல சென்னைல பெட்ரோல் லிட்டர் 110 ரூபாயைத் தாண்டுச்சு, மே மாசம் எக்சைஸ் வரியைக் குறைச்சப்போ 102 ரூபாய் 63 காசுக்கு இறங்குச்சு, அப்புறம் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் அங்கயே நின்னுது, 2024 மார்ச்ல ரெண்டு ரூபாய் கிட்ட குறைச்சாங்க. ஏறும்போது மளமளன்னு ஏறுது, இறங்கும்போது ரெண்டு ரூபாய்க்கு ரெண்டு வருஷம் காத்திருக்கணும். அதனால "விலை இறங்கட்டும், பார்த்துக்கலாம்"னு உக்காந்திருக்கறதுல அர்த்தம் இல்ல, நம்ம பக்கத்துல என்ன மாத்த முடியும்னு பார்க்கறதுதான் புத்திசாலித்தனம்.

வண்டியை விக்கச் சொல்லல. தினம் போற அந்த ஒரே ரூட்ட மட்டும் டிரெயின், மெட்ரோ, பஸ், சைக்கிள்னு மாத்துறது எப்படின்னு ஒண்ணொண்ணா சொல்றேன். இதுவரைக்கும் டூ வீலரைத் தவிர வேற எதுலயும் ஆபீஸ் போகாதவங்களை மனசுல வச்சுதான் எழுதுறேன்.

ஸ்டெப் 1: உங்க வண்டி கிலோமீட்டருக்கு எவ்ளோ குடிக்குதுன்னு கண்டுபிடிங்க

ஷோரூம்ல சொன்ன மைலேஜை மறந்துடுங்க. பங்க்ல ஃபுல் டேங்க் போடுங்க, நாசில் தானா கட் ஆனதும் நிறுத்தச் சொல்லுங்க, மீட்டர்ல இருக்கற கிலோமீட்டரை போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க. வழக்கம்போல ஓட்டுங்க. அடுத்த தடவை அதே மாதிரி தானா கட் ஆகற வரைக்கும் போடுங்க, எத்தனை லிட்டர் போச்சுன்னு பில்லுல இருக்கும், நடுவுல ஓடின கிலோமீட்டரை அந்த லிட்டரால வகுத்தா அதுதான் உங்க நிஜ மைலேஜ். சிட்டி டிராஃபிக்ல ஸ்கூட்டருக்கு 40, 45 வந்தா நல்லது, காருக்கு 12, 13 வர்றதே சகஜம்.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். வீடு குரோம்பேட்டை பக்கம் அஸ்தினாபுரம், ஆபீஸ் தேனாம்பேட்டை. போக 20, வர 20, மொத்தம் 40 கிலோமீட்டர்னு வச்சுக்கங்க. ஸ்கூட்டர்ல தினம் ஒரு லிட்டர், கணக்குக்கு 100 ரூபாய். மாசம் 24 நாள் வேலைன்னா 2400. காருன்னா தினம் 3 லிட்டருக்கு மேல, மாசம் குறைஞ்சது 7200. இதுல ஆயில் சேஞ்ச், டயர், பிரேக் ஷூ, பார்க்கிங் எதுவும் சேரல. இந்த நம்பர் கையில இல்லாம அடுத்த ஸ்டெப்புக்குப் போகாதீங்க, ஏன்னா பின்னாடி ஒவ்வொரு முடிவும் இதை வச்சுதான்.

ஸ்டெப் 2: எந்தப் பயணத்தை மாத்தறதுன்னு முடிவு பண்ணுங்க

ஒரு வாரம் வண்டி எங்கெங்க போகுதுன்னு எழுதுங்க. ஆபீஸ், பிள்ளையை ஸ்கூல்ல விடறது, மளிகை, கோயில், ஞாயித்துக்கிழமை சொந்தக்காரங்க வீடு. எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்த நினைக்கறவங்க ஒரு வாரம் கூட தாங்க மாட்டாங்க. தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே இடத்துக்குப் போறது எதுவோ அதை மட்டும் முதல்ல எடுங்க, பெரும்பாலும் ஆபீஸ்தான். வயசான அம்மாவை ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போறதுக்கெல்லாம் வண்டி இருக்கட்டும்.

ஸ்டெப் 3: நடுவுல இருக்கற பெரிய தூரத்துக்கு டிரெயினா மெட்ரோவான்னு பாருங்க

சென்னைல நல்ல விஷயம் என்னன்னா பீச் - தாம்பரம் லைன்ல 1931லேருந்து கரண்ட் ரயில் ஓடுது, அது இன்னைக்கும் செங்கல்பட்டு வரைக்கும் ஜிஎஸ்டி ரோடுக்குப் பக்கத்துலயே போகுது. ஆவடி, அம்பத்தூர்க்காரங்களுக்கு சென்ட்ரல் - அரக்கோணம் லைன், எண்ணூர் பக்கம் கும்மிடிப்பூண்டி லைன், வேளச்சேரி திருவான்மியூர்க்காரங்களுக்கு பறக்கும் ரயில். மெட்ரோல முக்கியமா ரெண்டு லைன் இருக்கு, ஒண்ணு விம்கோ நகர்லேருந்து அண்ணா சாலை வழியா ஏர்போர்ட், இன்னொண்ணு சென்ட்ரல்லேருந்து அண்ணா நகர், கோயம்பேடு, வடபழனி வழியா பரங்கிமலை.

எங்க டிரெயின்லேருந்து மெட்ரோக்கு மாறலாம்னு தெரிஞ்சுக்கங்க, முக்கியமா கிண்டி, பரங்கிமலை, எழும்பூர், அப்புறம் பார்க் ஸ்டேஷன்ல இறங்கினா சென்ட்ரல் மெட்ரோ. திரிசூலத்துல இறங்கினா எதிர்லயே ஏர்போர்ட் மெட்ரோ. நம்ம உதாரணத்துல குரோம்பேட்டைல டிரெயின் ஏறி, கிண்டில இறங்கி மெட்ரோ மாறினா சின்னமலை, சைதாப்பேட்டை, நந்தனம், அடுத்தது தேனாம்பேட்டை. கிண்டிலேருந்து அண்ணா சாலை போற பஸ்ஸும் நிறைய இருக்கு, அதை மனசுல வச்சுக்கங்க, பின்னாடி கணக்குல தேவைப்படும்.

ஓஎம்ஆர் பக்கம் சோழிங்கநல்லூர், சிறுசேரில வேலை பாக்கறவங்களுக்கு இது பொருந்தாதுன்னு தெரியும், அங்க டிரெயின் கிடையாது, மெட்ரோ வேலை நடக்கறதால ரோடும் குறுகிப் போயிருக்கு. அவங்க நேரா ஸ்டெப் 8க்குப் போங்க.

ஸ்டெப் 4: வீட்லேருந்து ஸ்டேஷன், ஸ்டேஷன்லேருந்து ஆபீஸ்

இதுதான் உயிர்நாடி. ஆர்வமா டிரெயினுக்கு மாறினவங்க திரும்ப வண்டிக்கு வந்துடறதுக்குப் பெரும்பாலும் காரணம் இந்தக் கடைசி ரெண்டு கிலோமீட்டர்தான், டிரெயின் கூட்டமோ லேட்டோ அதுக்கு அப்புறம்தான். வெயில்ல நடக்க முடியாது, ஷேர் ஆட்டோ நிரம்பாம கிளம்ப மாட்டான், தனி ஆட்டோ புக் பண்ணா ஒரு நாள் பெட்ரோல் காசு அதுலயே போயிடும்.

கணக்கு போட்டுப் பாருங்க. டிரெயின் சீசன் டிக்கெட், அதாவது மாசப் பாஸ், 200 ரூபாய் கிட்டன்னு வைங்க. மெட்ரோ ஒரு தடவைக்கு 20 ரூபாய்னா போக வர 40, 24 நாளைக்கு 960, டிஜிட்டலா டிக்கெட் எடுத்தா 20 சதவீதம் தள்ளுபடி போக 770 கிட்ட. இதோட காலைல சாயங்காலம் ஷேர் ஆட்டோக்கு 15, 15ன்னு குடுத்தா அது மட்டும் 720. மொத்தம் 1700 கிட்ட வந்துடுச்சு. ஸ்கூட்டர்ல 2400 ஆகறவருக்கு மிச்சம் 700 ரூபாய்தான், அதுக்கு ரெண்டு எடத்துல மாறணுமான்னு மனசு கேக்கும், நியாயமான கேள்விதான். ஆனா அதே ஸ்டேஷனுக்கு சைக்கிள்ல போனா 1000 ரூபாய்க்குள்ள முடிஞ்சுடும், மெட்ரோக்கு பதில் கிண்டிலேருந்து சாதா பஸ்ல போனா இன்னும் கொறையும். பெண்களா இருந்தா 2021 மே மாசத்துலேருந்து சாதாரண கட்டண பஸ் இலவசம், முன்னாடி பிங்க் கலர் அடிச்சிருக்கற பஸ்ஸப் பாத்து ஏறுங்க, திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கூட இலவசம்தான். காருல போறவங்க தினம் ஷேர் ஆட்டோல போனாக் கூட மாசம் 5000 ரூபாய்க்கு மேல மிச்சம், அதனால அவங்க யோசிக்கவே வேண்டாம்.

அப்போ செய்ய வேண்டியது இது. வீட்லேருந்து ஸ்டேஷன் 1 கிலோமீட்டருக்குள்ளன்னா நடங்க, நிழல் இருக்கற உள்ரோடா தேடிக்கங்க, மேப்ல காட்ற மெயின் ரோடுதான் வழின்னு இல்ல. 1லேருந்து 4 கிலோமீட்டர்னா சைக்கிள். சைக்கிள் பிடிக்கலையா, ஸ்கூட்டர்லயே ஸ்டேஷன் வரைக்கும் போய் ஸ்டாண்ட்ல மாசப் பாஸ் போட்டு நிறுத்துங்க, தினம் 40 கிலோமீட்டர் ஓடின வண்டி 5 கிலோமீட்டர்தான் ஓடும். இதுவும் மாற்றம்தான், இதைக் குறைச்சலா நினைக்காதீங்க.

இறங்கற பக்கமும் பாருங்க. மாம்பலம் ஸ்டேஷன்ல இறங்கி டி.நகர் போறவங்க முன்னெல்லாம் ரங்கநாதன் தெரு கூட்டத்துல சிக்கித்தான் பஸ் ஸ்டாண்டுக்கு வரணும், 2023ல ஸ்கைவாக் திறந்ததுலேருந்து ஸ்டேஷன்லேருந்து மேலயே நடந்து பஸ் ஸ்டாண்டுல இறங்கிடலாம், லிஃப்ட் இருக்கு, மழை வெயில் தெரியாது. உங்க ஸ்டேஷன்ல இப்படி ஏதாவது வசதி இருக்கான்னு ஒரு தடவை ரெண்டு பக்க வாசல்லயும் இறங்கிப் பாருங்க, தப்பான பக்கம் இறங்கினா பத்து நிமிஷம் சுத்தணும்.

ஸ்டெப் 5: டிக்கெட்

முதல் வாரமே பாஸ் எடுக்காதீங்க. டிரெயினுக்கு ரயில்ஒன் ஆப் போட்டுக்கங்க, ஸ்டேஷனுக்கு வர்றதுக்கு முன்னாடியே டிக்கெட் எடுத்துடுங்க, சிட்டிக்குள்ள 5, 10 ரூபாய்தான். மெட்ரோக்கும் பஸ்ஸுக்கும் சிங்கார சென்னை கார்டு ஒண்ணு வாங்கினா ரெண்டுலயும் தட்டிட்டுப் போகலாம், சில்லறைப் பிரச்சினை இல்ல. 2025ல வந்த சென்னை ஒன் ஆப்ல பஸ் எங்க வருதுன்னும் பாக்கலாம், பஸ், மெட்ரோ, லோக்கல் டிரெயின் மூணுக்கும் சேத்து டிக்கெட்டும் எடுக்கலாம்.

ரூட் செட் ஆனதும் டிரெயினுக்கு சீசன் எடுங்க. தினம் ரெண்டு மூணு பஸ் மாறறவங்களா இருந்தா எம்டிசியோட 1000 ரூபாய் மாசப் பாஸ் பாருங்க, எத்தனை தடவை வேணும்னாலும் ஏறி இறங்கலாம், ஏசி பஸ்ஸும் வேணும்னா 2000. ஒரு நாளைக்கு ஒரே ஒரு பஸ், அதுவும் கொஞ்ச தூரம்னா பாஸ் நஷ்டம், கணக்குப் பாத்து எடுங்க.

ஸ்டெப் 6: வெள்ளோட்டம்

லீவு நாள்ல டிரையல் பாக்காதீங்க. ஞாயித்துக்கிழமை டிரெயின் கம்மி, தண்டவாள வேலைன்னு நடுவுல கேன்சலும் பண்ணுவாங்க, அதைப் பாத்துட்டு மொத்த ரூட்டையும் தப்பா எடை போட்டுடுவீங்க. செவ்வாயோ புதனோ, நிஜமா ஆபீஸ் போற நேரத்துக்கு, அரை மணி நேரம் முன்னாடியே கிளம்புங்க. வீட்டுக் கதவைப் பூட்டற நேரம், பிளாட்பாரத்துல நிக்கற நேரம், சீட்ல உக்கார்ற நேரம் மூணையும் குறிச்சுக்கங்க. அப்புறம் வாரத்துக்கு ஒரு நாள், ரெண்டு நாள்னு ஏத்துங்க. பழகினப்புறம் எந்தப் பெட்டில ஏறினா இறங்கற எடத்துல படிக்கட்டு நேரா வரும்னு தெரிஞ்சுடும், அது மட்டுமே மூணு நாலு நிமிஷம் மிச்சம் பண்ணும்.

ஸ்டெப் 7: சைக்கிளை சரியா செட் பண்ணுங்க

"சைக்கிள் ஓட்டினா முட்டி வலிக்குது"ன்னு சொல்றவங்க சைக்கிளைப் பாத்தா பெரும்பாலும் சீட் ரொம்ப இறக்கி இருக்கும். சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு சீட்ல உக்காருங்க, ஒரு பெடலை அடில கொண்டுபோங்க, அதுல குதிகாலை வைங்க, கால் நேரா நீட்டினா சீட் உயரம் சரி. ஓட்டும்போது முன்பாதத்தால மிதிப்பீங்க இல்லையா, அப்போ முட்டி லேசா மடங்கி இருக்கும், அதுதான் வேணும். டயர்ல காத்து கம்மியா இருந்தா ஏதோ பாரம் இழுக்கற மாதிரி இருக்கும், வாரம் ஒரு தடவை அடிச்சுடுங்க. பூட்டை வெறும் சக்கரத்துல போடாம, ஃபிரேமையும் சேத்து ஸ்டாண்ட் கம்பியோட பூட்டுங்க. பின்னாடி சிவப்பு லைட் கட்டாயம், ஆறரை மணிக்கு இருட்டினப்புறம் சர்வீஸ் ரோட்ல பின்னாடி வர்றவன் உங்களைப் பாக்கணும். கியர் சைக்கிள்தான் வேணும்னு இல்ல, சென்னை சமதரை, பழைய சைக்கிளை ஓவராயில் பண்ணாலே போதும்.

ஸ்டெப் 8: ஆள் சேத்துக்கிட்டுப் போங்க

ஓஎம்ஆர்க்காரங்களுக்கு இதுதான் பெரிய வழி. முதல்ல கம்பெனி பஸ் இருக்கான்னு கேளுங்க, இல்லைன்னா ஒரே ஏரியா, ஒரே ஷிஃப்ட் ஆளுங்க மூணு பேர் சேருங்க. காருல ஒருத்தருக்கு 7200 ஆகறது மூணு பேர் சேந்தா ஆளுக்கு 2400 ஆயிடும். வாரத்துக்கு ஒருத்தர் கார் எடுக்கறது நல்லது, காசு கைமாற வேண்டிய அவசியமே இல்ல. ஒருத்தர் கார்தான்னா பெட்ரோலைப் பங்கு போடுங்க, அதுக்கு மேல லாபம் வச்சு வாங்காதீங்க, சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டற மாதிரி ஆயிடும், இன்சூரன்ஸ்ல சிக்கல் வரும். எத்தனை நிமிஷம் காத்திருப்போம்னு முதல் நாளே பேசிடுங்க, அஞ்சு நிமிஷம்னா அஞ்சு நிமிஷம். பைக்ல பின்னாடி உக்கார்றவருக்கும் ஹெல்மெட் வேணும், ரெண்டாவது ஹெல்மெட்டுக்கு யோசிக்காதீங்க.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கலாமான்னு கேப்பீங்க. ஓட்டற செலவு நிஜமாவே கம்மி, ஆனா பெட்ரோல் 2400 ஆகுதுன்னு லட்ச ரூபாய்க்கு இஎம்ஐ போட்டா இப்போதைக்கு மிச்சம் ஒண்ணும் இருக்காது. பழைய வண்டி மாத்தற நேரம் வந்தா தாராளமா வாங்குங்க.

ஸ்டெப் 9: மழை நாளும் அவசர நாளும்

அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. பைல ஒரு குடை, ஒரு பிளாஸ்டிக் கவர்ல மாத்து சாக்ஸ், ஆபீஸ் டிராயர்ல ஒரு செட் துணி. பெரிய மழைல தண்டவாளத்துல தண்ணி நின்னா டிரெயின் நிக்கும், அந்த நாளுக்கு மெட்ரோ ரூட் ஒண்ணு தனியா யோசிச்சு வைங்க. நம்ம உதாரணத்துக்கு குரோம்பேட்டைலேருந்து பஸ்ல ஏர்போர்ட் வந்து அங்கேருந்து மெட்ரோ. ராத்திரி லேட்டாகிற நாளுக்கு கடைசி டிரெயின், கடைசி மெட்ரோ நேரத்தை ஆப்ல பாத்து போன்ல குறிச்சுக்கங்க. மிச்சம் பிடிக்கற காசுலேருந்து மாசம் 300 ரூபாயை ஆட்டோவுக்குன்னே தனியா ஒதுக்கிடுங்க, எடுக்க வேண்டி வர்ற அன்னிக்கு உறுத்தாம எடுப்பீங்க.