மூன்றாவது வாரத்தில்தான் கவனம் தேவை: விட்டுப்போன உடற்பயிற்சியைத் திரும்பப் பிடிப்பது எப்படி

ஆறு மாதமோ இரண்டு வருடமோ விட்டுவிட்டு மறுபடி பயிற்சிக்கு வருபவர்கள் செய்யும் பெரிய தவறு, எங்கே நிறுத்தினார்களோ அங்கிருந்தே தொடங்குவது. கைக்குப் பழைய எடை நினைவிருக்கும், காலுக்குப் பழைய வேகம் நினைவிருக்கும். முதல் நாள் ஓரளவு சமாளித்தும் விடலாம். இரண்டு நாள் கழித்துப் படிக்கட்டு இறங்கும்போது தொடை கொஞ்சம் முனகும். உண்மையான சிக்கல் பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது வாரத்தில் குதிகாலிலோ முட்டியிலோ தலைகாட்டும்.

காரணம் இதுதான்: உடம்பில் எல்லாம் ஒரே வேகத்தில் இறங்குவதும் இல்லை, ஏறுவதும் இல்லை. முதலில் போவது மூச்சு. பயிற்சியை நிறுத்திய சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி குறையத் தொடங்கும். ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் ரத்தமும் குறைகிறது. அதனால் அதே வேகத்தில் நடக்க இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. நன்கு பயிற்சி பெற்றவர்களை வைத்துச் செய்து 1984-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் 3 வாரத்தில் 7 சதவீதமும் 8 வாரத்தில் 16 சதவீதமும் இறங்கியது. தசை பலம் இவ்வளவு அவசரப்படாது. மூன்று வாரம் சும்மா இருந்தாலும் பெரிதாகக் குறையாது. குறைந்தாலும், புதிதாகத் தொடங்குபவரைவிட விரைவாகவே திரும்பிவிடும்.

தசையை எலும்போடு கட்டும் தசைநாண்கள்தான் மந்தம். அவற்றுக்கு ரத்த ஓட்டம் குறைவு. பாரத்துக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். ஆகவே இரண்டு வாரம் கழித்து “பழையபடி ஆகிவிட்டேன்” என்று தோன்றினால், அப்படிச் சொல்வது மூச்சும் தசையும்தான். தசைநாண் இன்னும் வந்து சேரவில்லை. கீழே உள்ள கணக்கெல்லாம் அதன் வேகத்துக்குப் போடப்பட்டது.

தொடங்கும் முன்

நடக்கும்போது நெஞ்சு அழுத்தம், காரணமில்லாத மூச்சுத்திணறல், மயக்கம் வந்ததுண்டு என்றால் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இதய நோய், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், அறுவை சிகிச்சை முடிந்து வருபவர்களுக்கும் இதுவே. பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு எண்ணை நம்பி வேகத்தை முடிவு செய்யக் கூடாது. அந்த மாத்திரை துடிப்பைக் கீழேயே பிடித்து வைத்திருக்கும்.

முதல் நாள் மூன்று எண்களைக் குறித்து வையுங்கள். காலையில் எழுந்தவுடன் மணிக்கட்டில் 30 விநாடி துடிப்பை எண்ணி இரண்டால் பெருக்கிய எண். கையை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்பது. குறிப்பிட்ட ஒரு தூரத்தை விறுவிறுவென நடக்க எத்தனை நிமிடம் என்பது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை இவற்றைத் திரும்ப எடுத்தால் போதும். உடல் எடையை இந்தப் பட்டியலில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு: முதல் சில வாரங்களில் தசைகள் நீரைப் பிடித்து வைப்பதால் எடை ஒரு கிலோ ஏறக்கூட வாய்ப்பிருக்கிறது. அதைப் பார்த்து மனம் விட்டுப்போவது வீண்.

அலமாரியில் கிடந்த பழைய ஷூவை அப்படியே மாட்டிக்கொண்டு ஓடாதீர்கள். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் சிலவகை அடிப்பாக நுரை ஈரக்காற்றில் சிதையும். இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். பொடி உதிர்ந்தாலோ, விளிம்பில் பசை விட்டிருந்தாலோ, கட்டைவிரலால் அழுத்தும்போது நுரை கட்டையாக இருந்தாலோ அது நடைக்குக்கூட ஆகாது.

முதல் இரண்டு வாரம்

வாரத்தில் நான்கைந்து நாள், 20 நிமிட நடை. வேகத்துக்கு ஒரே அளவுகோல்: முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் மெதுவாகப் போகிறீர்கள். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

வாரத்துக்கு இரண்டு நாள் தசைப் பயிற்சி, நடுவில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி விட்டு. நாற்காலி ஸ்குவாட், சுவர் புஷ்-அப், மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, மூன்று நான்கு கிலோ பையைக் குனிந்து இடுப்புவரை இழுப்பது, குதிகாலை உயர்த்தி இறக்குவது. இந்த ஐந்தும் போதும், ஒவ்வொன்றும் 10 தடவை வீதம் 2 செட். ஜிம்முக்குப் போகிறவர்கள் பழைய எடையில் பாதியை எடுக்கலாம். ஒரு வருடத்துக்கு மேல் விட்டிருந்தால் மூன்றில் ஒரு பங்கு. இன்னும் நான்கு தடவை செய்ய முடியும் என்னும்போதே செட்டை நிறுத்திவிட வேண்டும். “இவ்வளவுதானா?” என்று தோன்றும். தோன்றத்தான் வேண்டும்.

நாற்காலி ஸ்குவாட்டை மட்டும் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் அதிகம் கெடுவது இதுதான். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், வழுக்காது. கால்களைத் தோளகலத்துக்கு வைத்து, பாதம் சற்று வெளியே பார்க்கட்டும். முதலில் இடுப்பைப் பின்னால் தள்ளி, பிறகு முழங்காலை மடக்கி, மனதுக்குள் மூன்று எண்ணியபடி இறங்குங்கள். இருக்கையைத் தொட்டதும் மூச்சை விட்டபடி எழுந்துவிடுங்கள். கடைசி நான்கு அங்குலத்தில் தொப்பென்று விழுந்தால் இருக்கை தாழ்வு என்று அர்த்தம். மேலே ஒரு தலையணை போட்டு உயர்த்துங்கள். முழங்கால்கள் உள்பக்கமாக ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தாலும், எழும்போது குதிகால் தரையை விட்டுக் கிளம்பினாலும், அந்தத் தடவையோடு செட் முடிந்தது. எண்ணிக்கையை நிறைவேற்ற வேண்டியதில்லை.

குதிகால் உயர்த்துவதை யாரும் மதிப்பதில்லை. ஓடத் திரும்புபவருக்கு ஐந்தில் முக்கியமானது அதுதான். கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும்தான் ஓட்டத்தின் பாரத்தைத் தாங்குகின்றன. சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு எண்ணி ஏறி, மூன்று எண்ணி இறங்குங்கள்.

வலி: எது பரவாயில்லை, எது ஆகாது

பழக்கமில்லாத வேலைக்குப் பின் வரும் தசைவலி, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டுத் தானாக இறங்கும். இரண்டு பக்கமும் சமமாக, தசையின் நடுவில் இருக்கும். அதற்கு ஓய்வைவிட மெல்லிய நடை நல்லது. அதே பயிற்சியை அடுத்த வாரம் செய்தால் வலி வெகுவாகக் குறைந்திருக்கும்.

ஒரு புள்ளியில், எலும்பை ஒட்டி, ஒரு பக்கம் மட்டும் வலித்தால் கதை வேறு. தசைநாண் வலி ஏமாற்றும்: காலையில் விறைப்பாக இருக்கும், பயிற்சி தொடங்கியதும் மறைந்தது போலிருக்கும், மறுநாள் காலை கூடி நிற்கும். பத்துக்கு மூன்று அளவுக்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். வரவில்லை என்றால் முந்தைய வாரத்தின் அளவுக்கு இறங்குங்கள்.

தள்ளிப்போடக் கூடாதது ஒன்று: கடும் பயிற்சிக்குப் பின் தசை வீங்கி, தாங்க முடியாத வலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால், சிதைந்த தசையின் பொருள்கள் சிறுநீரகத்தைத் தாக்குகின்றன என்று அர்த்தமாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்றாவது வாரம் முதல்

இங்கேதான் கை அரிக்கும். உடம்பு லேசாக இருக்கும், ஒரேயடியாகக் கூட்டத் தோன்றும். ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள்: நேரம், நாட்களின் எண்ணிக்கை, வேகம், எடை, இவற்றில் ஏதாவது ஒன்று. நடையில் வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம்; எடைப் பயிற்சியில் இரண்டு செட்டும் 12 தடவை சுத்தமாக வந்த பிறகே அடுத்த எடை. நான்காவது வாரத்தில் எதையும் கூட்டாமல் அதே அளவில் நில்லுங்கள்.

ஓட ஆசைப்படுபவர்கள், வலியில்லாமல் 30 நிமிடம் விறுவிறு நடை வந்த பிறகு தொடங்கலாம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி எட்டு முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். மூச்சு இடம் கொடுக்கிறது என்பதற்காக நடையை வெட்டாதீர்கள். அந்த இரண்டு நிமிடம் கெண்டைக்காலுக்கானது.

பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியும். இந்தக் கணக்கில் போனால் எட்டு முதல் பத்து வாரத்துக்குள் அதன் கீழ் எல்லையை எட்டலாம்.

மனசு வராத நாளில்

ஆர்வம் வரட்டும் என்று காத்திருந்தால் வராது. லண்டனில் நடந்து 2010-ல் அச்சான ஓர் ஆய்வில், ஒரு புதிய செயல் யோசிக்காமல் செய்யும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை வேறுபட்டது. ஒருநாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆக, முதல் இரண்டு மாதம் மனசை நம்பாமல் ஏற்பாட்டை நம்புங்கள். “காலையில் பல் தேய்த்ததும் ஷூ மாட்டுவேன்” என்று, ஏற்கெனவே நடக்கிற ஒரு வேலையின் வாலில் இதைக் கட்டிவிடுங்கள். மிக மோசமான நாளுக்கு ஒரு குறைந்தபட்ச அளவு வையுங்கள்: ஐந்து நிமிட நடை, அல்லது ஒரே ஒரு செட். அது செய்தாலும் அன்றைய கணக்கில் டிக் உண்டு.

போனில் இருக்கும் பழைய சாதனைகளைக் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு நாளும் இரண்டு வருடத்துக்கு முந்தைய உங்களோடு மோதினால், தினமும் தோல்விதான். இந்த முறை எடுத்த முதல் எண்தான் பூஜ்யம்.

ஒருநாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்ட வேண்டாம். ஒரு வாரம் தவறினால் முந்தைய வாரத்தையே மறுபடி செய்யுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் போனால் பாதியில் தொடங்குங்கள். வேலை நெருக்கடி வரப்போவது முன்கூட்டியே தெரிந்தால் முழுவதுமாக விடாதீர்கள். வாரத்தில் ஒருநாள், ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரே செட், ஆனால் எடையைக் குறைக்காமல். எண்ணிக்கை குறைந்தாலும் பாரம் குறையாதவரை, இருக்கும் பலம் சில வாரங்களுக்கு அப்படியே நிற்கும்.