வாசிக்கும்போது மட்டும் மடங்கும் விரல்: டிஸ்டோனியாவை அறிந்து மீண்டும் வாத்தியத்துக்குத் திரும்பும் வழி

மிருதங்கத்தில் ‘நம்’ என்ற சொல், அதாவது விரலடி எழுப்பும் ஒலி, தெளிவாகக் கேட்க வேண்டுமானால், ஆள்காட்டி விரல் வலந்தலையின், அதாவது வலப்பக்கத் தோலின், மீட்டு எனப்படும் வெளிவளையத்தில் அடிக்கும் அதே கணத்தில் மோதிர விரல் நடுவிலுள்ள கரணை என்ற கருவட்டத்தின் ஓரத்தில் பாரமில்லாமல் தங்கியிருக்க வேண்டும். பல ஆண்டுகளாக எண்ணிப்பாராமலே நடந்துவந்த இந்தத் தங்குதல் சிலருக்கு ஒரு கட்டத்தில் கைவிட்டுப் போகத் தொடங்குகிறது. மோதிர விரல் தோலைத் தொடாமல் உள்ளங்கையை நோக்கி மடங்குகிறது. சொல் நாதமின்றி விழுகிறது. வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. அதே கை தேநீர்க் கோப்பையைப் பிடிக்கிறது, சட்டைப் பொத்தானைப் பூட்டுகிறது, கைத்தொலைபேசியில் செய்தி எழுதுகிறது. மிருதங்கத்தின் முன் அமர்ந்தால் மட்டுமே மடங்குகிறது. வயலின் வாசிப்பவருக்கு இது இடக்கையின் மோதிர விரலிலோ சின்னி விரலிலோ வரலாம். வீணை வாசிப்பவருக்கு மீட்டும் விரல்களில் வரலாம். நாதஸ்வரமும் புல்லாங்குழலும் வாசிப்பவர்களுக்கு உதட்டிலும் வரலாம். மருத்துவம் இதனை ஃபோகல் டிஸ்டோனியா என்று அழைக்கிறது. தொழில்முறை இசைக்கலைஞர்களில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இது வருவதாகக் கணிக்கப்படுகிறது. பெண்களைவிட ஆண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. பெரும்பாலும் முப்பதுகளில், அதாவது ஒரு கலைஞர் தன் வித்துவத்தின் உச்சியை நெருங்கும் வயதில், வந்து சேர்கிறது.

விரல் தடுமாறினால் நம்மிடையே கிடைக்கும் முதல் அறிவுரை, விடியற்காலையில் எழுந்து இன்னும் ஒரு மணி நேரம் சாதகம் செய்யுங்கள் என்பதுதான். அசுர சாதகத்தால் வித்துவான்கள் உருவான மரபு நம்முடையது என்பதால், அந்த அறிவுரையை மறுத்துப் பேச எவருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் டிஸ்டோனியா சாதகக் குறைவால் வந்ததல்ல. ஆகவே சாதகத்தைக் கூட்டுவதால் அது தீராது; மடங்கும் விரலோடு மணிக்கணக்கில் வாசிப்பது அந்த மடக்கத்தையே கைக்குப் பாடமாக்கிவிடும். இந்த ஒன்றை ஏற்றுக்கொள்ளத்தான் கலைஞர்களுக்கு அதிக காலம் பிடிக்கிறது என்று நான் கருதுகிறேன். அந்தக் காலம் குறைய வேண்டும் என்பதற்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

மூளையில் ஒவ்வொரு விரலின் தொடுகையை உணரவும் அசைவை ஆளவும் தனித்தனிப் பரப்புகள் உண்டு. ஒரு விரல் இயங்கும்போது பக்கத்து விரலை அடக்கி வைப்பதும் மூளையின் வேலையே. டிஸ்டோனியாவில் அந்த அடக்கும் ஆற்றல் குறைந்து, ஈரத்தாளில் நெருக்கமாக எழுதிய எழுத்துகளின் மை ஒன்றோடொன்று கலப்பதுபோல விரல்களின் பரப்புகள் எல்லை மங்கிப்போகின்றன. மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. உடம்பில் பிறப்போடு வந்த சாய்வு, ஒரே நுண்ணசைவைப் பல்லாண்டுகள் திரும்பத் திரும்பச் செய்தமை, வாசிப்பு முறையிலோ வாத்தியத்திலோ ஏற்பட்ட திடீர் மாற்றம், ஒரு சொல்லும் பிசகக்கூடாது என்ற ஓயாத பதற்றம் ஆகியவை ஒன்றுசேர்ந்து இதற்கு இடமளிக்கின்றன. இது கண்ணூறும் அன்று, சோம்பலும் அன்று, மனப் பிரமையும் அன்று. எண்ணெய் பூசி உருவுவதால் கைக்கு இதமாக இருக்கலாம். ஆனால் கோளாறு விரலில் இல்லை என்பதால் அதனோடு நின்றுவிடக் கூடாது.

வைத்தியரைக் காணும் முன்

முதலில் ஒரு காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு கொழும்பின் காலி வீதி பஸ்ஸில் ஏறி வைத்தியசாலை செல்வது எல்லோருக்கும் இயலாது. கொண்டுசென்றாலும் பரீட்சிக்கும் அறையில் அதை வைத்து வாசிக்க இடமிருப்பதில்லை. கைத்தொலைபேசியை முழங்கால் உயரத்தில் நிறுத்தி, கையைப் பக்கவாட்டிலிருந்தும் நேரேயிருந்தும் பதிவு செய்யுங்கள். ஒரே பாடத்தை மெதுவாகவும் பின்னர் வழக்கமான வேகத்திலும் வாசித்து, அதன்பின் பேனாவால் நான்கு வரி எழுதுவதையும் அதே பதிவில் சேர்த்துவிடுங்கள். எந்தச் செயலில் விரல் மடங்குகிறது, எதில் மடங்கவில்லை என்ற வேறுபாடுதான் நோயறிதலுக்கு மிகப் பெரிய துணை. எப்போது தொடங்கியது, அதற்கு முன் வாத்தியமோ ஆசிரியரோ அமரும் முறையோ மாறியதா, வீட்டில் எவருக்கேனும் கைநடுக்கமோ இதுபோன்ற இறுக்கமோ உண்டா என்பவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் சொல்லுங்கள், ஏனெனில் மனநோய்க்கும் வாந்திக்கும் தரப்படும் சில மருந்துகளே தசை இறுக்கத்தை உண்டாக்கக் கூடியவை.

பார்க்க வேண்டியவர் நரம்பியல் வைத்திய நிபுணர். பலர் எலும்பு வைத்தியரிடம் சென்று, எக்ஸ்ரே சரியாக இருப்பதைக் கண்டு, ஒன்றுமில்லை என்ற பதிலோடு வீடு திரும்புகிறார்கள். கொழும்பில் தேசிய வைத்தியசாலையின் நரம்பியல் கிளினிக்குக்கு உங்கள் குடும்ப வைத்தியரின் கடிதத்தோடு செல்லலாம். அங்கே சிகிச்சைக்குக் கட்டணமில்லை. தனியார் வைத்தியசாலையில் சனல் செய்து, அதாவது முன்பதிவு செய்து, காண்பதாயின் கிடைக்கும் நிமிடங்கள் குறைவு என்பதை மனத்திற்கொண்டு, காணொளியைத் திறந்து கையில் ஆயத்தமாக வைத்திருங்கள். முழங்கையில் நரம்பு நசுங்கினால் மோதிர விரலும் சின்னி விரலும் மரத்துப்போகும். மணிக்கட்டில் நசுங்கினால் பெருவிரல் பக்கத்து விரல்கள் மரக்கும். தசைநார் அழற்சியில் வலி முன்னிற்கும். இவை இல்லை என்று உறுதிசெய்ய நரம்புக் கடத்தல் பரிசோதனை தேவைப்படலாம். இளவயதினராயின், உடலில் செம்பு தேங்குவதால் வரும் வில்சன் நோய் இல்லை என்பதையும் இரத்தப் பரிசோதனையால் பார்த்துக்கொள்வது நல்லது, ஏனெனில் அது தவறவிடக் கூடாத, மருந்தால் கட்டுப்படுத்தக் கூடிய நோய்.

மருந்துகள் தருவதும் தராததும்

டிஸ்டோனியாவை அடியோடு போக்கும் மருந்து இல்லை. ட்ரைஹெக்ஸிபெனிடில், அதாவது பென்ஸ்ஹெக்சோல் என்றும் எழுதப்படும் மாத்திரை, சிலருக்கு இறுக்கத்தைக் குறைக்கிறது. ஆனால் வாய் வறட்சி, பார்வை மங்கல், மறதி ஆகியவை கூடவே வரலாம். பல்லவி ஒன்றை மனத்தில் ஏந்தி வாசிக்க வேண்டியவருக்கு மறதி சிறிய விலையல்ல. மற்றொன்று பொட்டுலினம் ஊசி. மிகையாக இறுகும் தசையைத் தேடி அதில் மட்டும் சிறு அளவில் செலுத்தப்படும் இந்த மருந்து சில நாட்களிலிருந்து இரண்டு வாரங்களுக்குள் வேலைசெய்யத் தொடங்கி, ஏறத்தாழ மூன்று மாதங்கள் நிற்கும். பின்னர் மீண்டும் போட வேண்டும். முன்கையில் ஒவ்வொரு விரலுக்கும் உரிய தசைகள் நெருங்கி ஓடுவதால், தசையின் மின்னசைவைக் காட்டும் கருவியோ ஸ்கேனோ துணைநிற்கப் போடுவதே பாதுகாப்பு. இடம் சற்றுத் தவறினாலும் நன்றாக இருந்த விரல் வலுவிழந்துவிடும். ஆகவே கச்சேரிக்கு முந்திய வாரத்தில் முதல் ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டாம். உதட்டில் இந்த ஊசி கையில் பயன்படும் அளவுக்குப் பயன்படுவதில்லை.

நிறுத்தி, மறுபடி கற்றல்

நோய் உறுதியானதும், மடக்கத்தை உண்டாக்கும் வாசிப்பு அனைத்தையும் நிறுத்துங்கள். நவராத்திரியோ திருவெம்பாவையோ சங்கீத சபைப் பரீட்சையோ நெருங்கும்போது இதைச் செய்வது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். அரங்கேற்றத்துக்கு வாக்குக் கொடுத்த நடன ஆசிரியரிடம் மாதக்கணக்கில் முன்கூட்டியே உண்மையைச் சொல்லிவிடுவது, மேடையில் ஜதி நழுவுவதைவிட இருவருக்கும் நல்லது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வகுப்பு நடத்தி வாழ்பவர்களுக்கு வருமானமும் இதில் அடங்கியிருக்கிறது. மிருதங்க ஆசிரியர் கொன்னக்கோலிலேயே, அதாவது மிருதங்கச் சொற்களை வாயால் சொல்லியே, பாடத்தைக் கற்பிக்கலாம். வயலின் ஆசிரியர் பாடிக் கற்பிக்கலாம். பாடிக் கற்பிக்கும் வகுப்பில் மாணவரின் செவி கூர்மையாவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

மறுபயிற்சி தொடங்கும்போது காணொளியைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, பிழை செய்யும் விரல் எது, அதற்கு ஈடுகட்டும் விரல் எது என்று பிரித்துப் பாருங்கள். கண்ணில் முதலில் படும் விரல்தான் நோயுற்ற விரல் என்பதில்லை: மோதிர விரல் மடங்கும்போது அதை இழுத்து நிமிர்த்தும் முயற்சியில் நடுவிரல் விறைத்து நீளும், பார்ப்பவர் நடுவிரலையே குறைசொல்வார். ஜெர்மனியில் விக்டர் காண்டியாவும் அவருடன் சேர்ந்தவர்களும் 1999இல் வெளியிட்ட முறை இந்த வேறுபாட்டின்மீதே நிற்கிறது. ஈடுகட்டும் விரலைச் சிறு பட்டிகையால் அசையாமல் கட்டி, நோயுற்ற விரல் மற்ற விரல்களோடு சேர்ந்து வாத்தியத்திலேயே மெதுவாகப் பயிற்சி செய்ய வைத்தார்கள். பியானோவும் கிட்டாரும் வாசிப்பவர்கள் இதில் முன்னேறினார்கள். காற்று வாத்தியக்காரர்களுக்குப் பலன் கிடைக்கவில்லை. பட்டிகையை நீங்களாகக் கட்டாமல், தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் அளவெடுத்துச் செய்துகொள்ளுங்கள்.

மிருதங்கக்காரர் ‘தத் தித் தொம் நம்’ என்ற முதற்பாடத்துக்கே திரும்ப வேண்டும், ஆனால் பழைய முறைக்கு அல்ல. முதலில் தொடையின்மீது, பிறகு துணி போர்த்திய வலந்தலையின்மீது, நாதம் வர வேண்டும் என்ற ஆசை அடங்கிய பின்னரே வெறுந்தோலில். மிருதங்கத்தின் உயரத்தையோ சாய்வையோ சற்று மாற்றுவது பயன்தரும், ஏனெனில் மடக்கம் பழைய கோணத்தோடு பிணைந்திருக்கிறது. வயலின் வாசிப்பவர் வில்லைக் கீழே வைத்துவிட்டு, தொடக்கப் பாடமான சரளி வரிசையை, முதல் காலம் என்ற அடிப்படை வேகத்தைவிடவும் மெதுவாக, தந்தியைத் தொடும் அளவு அழுத்தத்தோடு மட்டும் விரல் வைத்துப் பழகலாம். விரலை வைப்பதைவிட எடுப்பதையே கவனியுங்கள், பிடி தளராத விரலில்தான் இறுக்கம் சேர்கிறது. மடக்கம் தோன்றும் வேகத்தை மெட்ரோனோமில் கண்டறிந்து, எப்போதும் அதற்குக் கீழேயே நில்லுங்கள். ஐந்து நிமிடங்களோ பத்து நிமிடங்களோ, ஒரு நாளில் சில தடவைகள் போதும். முதல் மடக்கம் வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் ஒருமுறை முயன்று பார்ப்போம் என்ற எண்ணத்துக்கு இடங்கொடுக்காதீர்கள்.

சிலருக்குத் தொடுவுணர்வை மாற்றினால் மடக்கம் சட்டென்று தளரும். எனக்குத் தெரிந்த மிருதங்க ஆசிரியர் ஒருவர் மெல்லிய ரப்பர் கையுறையின் மோதிர விரற்பகுதியை மட்டும் வெட்டி அணிந்து பார்த்தார். விரல் கரணையோரத்தில் அமைதியாகத் தங்கியது. இது எல்லோருக்கும் நடப்பதில்லை, நடந்தவர்களுக்கும் நாளடைவில் பலன் குறைவதுண்டு. ஆயினும் விரல் இன்னமும் சரியாக நிற்க வல்லது என்பதைக் கண்ணால் காண்பது, மாதங்களாகவும் சிலருக்கு ஆண்டுகளாகவும் நீளும் இந்தப் பயிற்சியில் மிகவும் தேவையான துணிவைத் தருகிறது.

மேடைக்குத் திரும்பும்போது

அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃபிளெய்ஷருக்கு 1964இல் வலக்கையின் மோதிர விரலும் சின்னி விரலும் மடங்கியதால் இரு கைகளாலும் வாசிப்பதை நிறுத்த நேர்ந்தது. அதன்பின் அவர் இடக்கைக்கென்று எழுதப்பட்ட இசையை வாசித்தார், இசைக்குழுவை நடத்தினார், கற்பித்தார். 1990களில் பொட்டுலினம் ஊசியும் தசையிளக்கச் சிகிச்சையும் துணைசெய்ய இரு கைகளால் மீண்டும் வாசித்து, 2004இல் ஓர் இசைத்தட்டும் வெளியிட்டார். 2020இல் மறையும்வரை அவர் தமக்கு நோய் முற்றாக நீங்கிவிட்டது என்று சொல்லிக்கொள்ளவில்லை. திரும்புதலை நான் இந்தப் பொருளிலேயே எடுத்துக்கொள்கிறேன்: பழைய கையைத் திரும்பப் பெறுவதன்று, இருக்கும் கையைக் கொண்டு மேடையில் நேர்மையாக இசைப்பது.

முதல் நிகழ்ச்சிக்குச் சிறிய சபையைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளிக்கிழமைப் பஜனையோ வீட்டுக் கொலுவோ, தமிழ்ச் சங்க மண்டபத்துக்கு முன்னர் வரட்டும். பிரதான கலைஞரிடம் நிலையைச் சொல்லி, மத்திமகாலம் என்ற நடுத்தர வேகத்திலேயே நிற்கும் உருப்படிகளையும், நீங்கள் விரும்பினால் தாளக் கலைஞர் தனித்து வாசிக்கும் தனியாவர்த்தனத்தைச் சுருக்கிக்கொள்ளும் உரிமையையும் கேட்டுப் பெறுங்கள். தொல்லை தரும் சொற்கட்டை நீக்கி, அதே கணக்கில் வரும் வேறு சொற்கட்டை முன்னதாகவே அமைத்து வையுங்கள். இடையில் மடக்கம் வந்தால் வேகத்தைத் துரத்தாமல் சர்வலகு என்ற எளிய, சீரான வாசிப்புக்கு இறங்கி, பாட்டைத் தாங்கி வாசித்து முடித்துவிடுங்கள். வீடு வந்ததும் அது எந்த இடத்தில், எந்தக் காலப்பிரமாணத்தில் வந்தது என்று குறித்து வைத்து, இரண்டு நாட்கள் கைக்கு ஓய்வு கொடுத்தபின், அந்த வேகத்துக்கு நன்றாகக் கீழேயிருந்து பயிற்சியைத் தொடங்குங்கள். அடுத்த கிளினிக் நாளில் அந்தக் குறிப்பையும் வைத்தியரிடம் காட்டுங்கள்.