கனடா, ரஷ்யா மர ஏற்றுமதி: ஒப்பிடும்போது நேரும் தவறுகள்

ஊசியிலை மரப் (பைன் போன்றவை) பலகை, மரச்சட்ட ஏற்றுமதியில் கனடாவும் ரஷ்யாவும் 2010களின் இறுதியில் கிட்டத்தட்டச் சமமாக, ஆண்டுக்கு 3 கோடி கன மீட்டரை ஒட்டி நின்றன. இவ்வளவு நெருக்கத்தில் யார் முந்தியது என்று பார்க்கப் புகுந்தால், அலகில் சறுக்கினாலே விடை மாறிவிடும்.

பெரிய சறுக்கல் போர்டு அடியில்தான். ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓர் அங்குல கனம் என்பது ஒரு போர்டு அடி. அந்தக் கணக்குப்படி ஆயிரம் போர்டு அடி 2.36 கன மீட்டர். ஆனால் வட அமெரிக்காவில் 2×4 என்று விற்கும் சட்டம், காயவைத்து இழைத்த பிறகு 1.5×3.5 அங்குலம்தான் இருக்கும். கணக்கில் மட்டும் 2×4 ஆகவே ஏறும். ஆகவே ஆயிரம் போர்டு அடியில் உண்மையான மரம் 1.55 கன மீட்டர். அகலமான சட்டங்களில் சற்றே கூடும். 1,000 கோடி போர்டு அடியை, ஆயிரத்துக்கு 2.36 என்று பெருக்கினால் 2.36 கோடி கன மீட்டர். அதில் 80 லட்சம் வெறும் காற்று. 'கன மீட்டர்' என்று அச்சிட்டிருப்பதாலேயே நம்பிவிட வேண்டாம், அதுவும் இப்படிப் பெருக்கி வந்ததாக இருக்கலாம். சோதிக்க எளிய வழி: எடையைக் கன அளவால் வகுங்கள். காய்ந்த ஊசியிலை மரம் கன மீட்டருக்கு 450 முதல் 550 கிலோ வரை வரும். 300 பக்கம் வந்தால் அது பெயரளவுக் கணக்கு.

அடுத்தது சுங்கக் குறியீடு. 2017க்கு முன் ஊசியிலை அறுப்பு மரம் முழுவதும் 440710. பிறகு அது மர வகைவாரியாக 440711, 440712, 440719 எனப் பிரிந்தது. 2022இல் 440713, 440714 சேர்ந்தன. 440712ஐ மட்டும் பின்தொடர்ந்தால், 2022இல் கனடாவின் சரக்கில் ஒரு பகுதி 440713க்குத் தாவியதைச் சரிவு என்று படிப்பீர்கள். எல்லாவற்றையும் கூட்டுங்கள். அறுக்காத உருட்டு மரம் 4403, அதைச் சேர்க்கக் கூடாது. ஆனால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ரஷ்யா 2007 முதல் உருட்டு மரத்துக்கு ஏற்றுமதி வரியை உயர்த்தி, 2022 ஜனவரியில் ஊசியிலை உருட்டு மர ஏற்றுமதியைக் கிட்டத்தட்ட முழுவதும் தடுத்தது. முன்பு உருட்டாகப் போன மரம் உள்நாட்டிலேயே அறுபடலாம் என்பதால், அங்கே பலகை ஏற்றுமதி கூடியதை வைத்து காட்டில் வெட்டும் கூடியது என்று ஆகாது.

தொடக்க ஆண்டையும் யோசித்து எடுங்கள். கனடா மரத்தைப் பெருமளவு வாங்கும் அமெரிக்காவில் 2005இல் 20 லட்சத்துக்கு மேல் புது வீடுகள் கட்டத் தொடங்கினார்கள்; 2009இல் சுமார் 5.5 லட்சம். 2009ஐ 100 என்று வைத்தால் கனடா பாய்ந்து ஏறும், 2005ஐ வைத்தால் விழுந்து கிடக்கும். மூன்றாண்டுச் சராசரி பாதுகாப்பானது. டாலர் மதிப்பை அளவுக்குப் பதிலாக வைக்கவே வேண்டாம், விலை ஏறினாலே அதுவும் ஏறிவிடும். 2021 மே மாதத்தில் முன்பேர விலை ஆயிரம் போர்டு அடிக்கு 1,600 டாலரைத் தாண்டியது.

ரஷ்யா 2022 ஏப்ரலில் விரிவான சுங்கத் தரவு வெளியிடுவதை நிறுத்தியது. அதற்குப் பின் சீனா போன்ற வாங்கும் நாடுகளின் இறக்குமதிக் கணக்குதான் கதி. அதை அப்படியே பழைய தொடரோடு ஒட்டினால் வளைவில் உண்மையில் இல்லாத ஒரு திடீர் ஏற்றமோ இறக்கமோ தெரியும். 2017 முதல் 2021 வரை இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்து, நாடுவாரியாக விகிதம் கண்டு, அதன்படி திருத்தி ஒட்டுங்கள். ஒட்டிய இடத்தைப் புள்ளிக்கோடாகக் காட்டுங்கள்.