தலைகுனிந்து நிற்கிறவரின் வீட்டில் ஜெபக்கூட்டமா? செய்தி ஆயத்தம் செய்யும் விதம்

பகலில் நான் வள்ளங்களின் அவுட்போர்ட் எஞ்சின் திருத்துகிறவன். திருகோணமலை உப்புவெளிப் பக்கம் வீட்டு ஜெபக்கூட்டம் வந்தால் செய்தி கொடுக்க, அதாவது பிரசங்கம் பண்ண, என்னையும் கூப்பிடுவார்கள். இப்போது பிள்ளைகள் சிலரும் பேசத் தொடங்கியிருக்கிறார்கள், சந்தோஷம். குடியாலோ கடனாலோ பொய்யாலோ ஒருவர் பெயர் கெட்டுப்போயிருக்கிற வீட்டில் தேவனுடைய இரக்கத்தை எப்படிப் பேசுவது என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வசனங்களை அடுக்காதீர்கள். ஓர் ஆள் போதும். பாவத்தில் விழுந்து மன்னிக்கப்பட்ட தாவீது ராஜா நல்ல உதாரணம்தான், ஆனால் அரண்மனை எங்கள் சனத்துக்குத் தூரம். நான் இயேசுவின் சீஷனாயிருந்த மீனவர் பேதுருவைத்தான் எடுப்பேன்.

யோவான் சுவிசேஷத்தில் 18, 21-ம் அதிகாரங்கள் இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். முதலாவதில் பிரதான ஆசாரியனின் முற்றத்தில் கரிநெருப்பு எரிகிறது. பேதுரு அதில் குளிர்காய்ந்துகொண்டே தான் இயேசுவின் ஆள் இல்லை என்று மறுதலிக்கிறார். அடுத்ததில் திபேரியாக் கடற்கரையில் ஒரு கரிநெருப்பு. அங்கே காத்திருக்கிறவர் இயேசு. மெதுவாக வாசித்தால் சனம் தானாகக் கண்டுபிடிக்கும், நீங்கள் முந்திக்கொண்டு விளக்க வேண்டாம்.

21-ம் அதிகாரத்தில்தான் நிற்க வேண்டும். பேதுருவும் கூட்டாளிகளும் இரவு முழுக்க வலை போட்டும் ஒன்றும் படவில்லை. மாரியில் கடல் குழம்பி, வள்ளம் கரையில் கிடக்க, வள்ளச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கிச் சமைத்த வீட்டுக்கு அந்த வெறும் வலையைப் பற்றிப் பாடம் நடத்தத் தேவையில்லை. விடிய 153 பெரிய மீன். பலர் அந்தக் கணக்கிலேயே நேரத்தை விட்டுவிடுவார்கள். அதைவிட 9-ம் வசனத்தைப் பாருங்கள்: அவர்கள் கரையில் இறங்கும்போதே நெருப்பில் மீன் இருக்கிறது, அப்பமும் இருக்கிறது. பேதுரு பிடித்து வந்ததை நம்பி அந்தச் சாப்பாடு தொடங்கவில்லை. பிடித்ததிலும் சிலதைக் கொண்டுவாருங்கள் என்று இயேசு சொல்கிறார், அது வேறு விஷயம்.

பேதுருவிடம் கேள்வி கேட்பது சாப்பிட்ட பிறகுதான். மூன்று தடவை மறுதலித்தவரிடம் மூன்று தடவை கேட்கிறார். அதில் ஒரு தடவைகூட “ஏன் அப்படிச் செய்தாய்” இல்லை, “என்னை நேசிக்கிறாயா” மட்டும். மூன்றாம் முறை பேதுரு துக்கப்பட்டார் என்று எழுதியிருக்கிறது. அந்த வரியைத் தாண்டிப் போகாதீர்கள். இரக்கம் என்றால் முதுகில் தட்டி ‘பரவாயில்லை’ என்று அனுப்பிவிடுவது என்பதுபோல் சிலர் பேசுகிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. இயேசு வலிக்கும்வரை கேட்டார், ஒவ்வொரு பதிலுக்கும் தம் ஆடுகளை, அதாவது தம் சனத்தை, பேதுருவின் கையிலேயே ஒப்படைத்தார்.

நேரமிருந்தால் இரண்டு இடம். லூக்கா 22:32-ல் பேதுரு விழுவதற்கு முன்பே இயேசு அவருக்காக வேண்டிக்கொண்டாயிற்று. கலாத்தியர் 2-ல், அத்தனைக்கும் அப்புறம், அந்தியோகியாவில் மனுஷருக்குப் பயந்து, யூதரல்லாதவர்களோடு சாப்பிடுவதை விட்டு பேதுரு மறுபடி பின்வாங்குகிறார். பவுல் முகத்துக்கு நேரே கண்டிக்கிறார். ஆனால் பேதுரு அப்போஸ்தலன்தான். திருந்திய பிறகும் சறுக்குகிறவர்களுக்கு இந்தப் பகுதி பெரிய ஆறுதல்.

பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இரவுத் தொழிலுக்குப் போகிறவர்கள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். பேசும்போது அந்த மனிதரின் முகத்தைப் பார்க்காதீர்கள். “ஒரு ஊரில் ஒரு சகோதரன்” என்று அவர் கதையை வேறு பெயரில் சொல்லவும் வேண்டாம். எல்லோருக்கும் விளங்கிவிடும், பிளேன்ரீ கொடுக்கும்போது அதுதான் பேச்சாக இருக்கும். ஜெபத்தில் அவர் பெயரைத் தனியாக எடுக்காமல் வீட்டில் இருக்கிற எல்லோர் பெயரையும், சின்னப் பிள்ளை உட்பட, சொல்லுங்கள்.

இன்னொன்று, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். குடித்துவிட்டு வந்து அடிக்கிறவர் வீடாக இருந்தால், இந்தப் பகுதியைக் காட்டி அவர் மனைவியான அக்காவிடம் “நீங்களும் மன்னித்துவிடுங்கள்” என்று சொல்லாதீர்கள். பேதுருவை ஏற்றுக்கொண்டவர், பேதுருவால் காயப்பட்ட இயேசுவேதான். அவருக்குப் பதிலாக வேறு யாரும் மன்னித்துக் கொடுக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் உங்கள் மனைவியையோ ஊழியத்தில் இருக்கிற ஒரு சகோதரியையோ அடிபட்ட அந்த அக்காவிடம் தனியாகப் பேசவிடுங்கள். அன்றிரவு பிள்ளைகளோடு தங்க ஒரு இடம் வேண்டுமா என்பதை முதலில் கேட்கச் சொல்லுங்கள்.