டாரட் ஸ்ப்ரெட்: தேர்ந்தெடுப்பது, வெட்டித் தைப்பது, புதிதாக வரைவது

குறி பார்க்கும் டாரட் சீட்டுக் கட்டு கையில் இருக்கிறது, 78 சீட்டின் பொருளும் ஓரளவு பிடிபட்டுவிட்டது, ஆனால் எந்த ஸ்ப்ரெட்டைப் போடுவது என்று தெரியவில்லை. அந்த இடத்தில் நிற்பவர்களுக்கான குறிப்பு இது. சீட்டின் பொருள் இங்கே கிடைக்காது.

ஸ்ப்ரெட் என்பது கேள்விக்காகச் சீட்டை விரிக்கும் அமைப்பு. அதில் மூன்று விஷயம் உண்டு. எத்தனை சீட்டு, எந்த வடிவில், ஒவ்வொரு இடத்துக்கும் என்ன கேள்வி. முதல் இரண்டும் ஞாபகத்துக்கு உதவும், அவ்வளவுதான். வேலை செய்வது மூன்றாவது. கோயில் வாசலில் கிளி எடுத்துக் கொடுக்கிற ஒற்றைச் சீட்டும் ஒரு ஸ்ப்ரெட்தான்: ஓர் இடம், ஒரு கேள்வி.

முதலில், இருப்பதில் எதை எடுப்பது

கேள்வியை ஒரு தாளில் எழுதி, அதற்குள் எத்தனை துண்டு இருக்கிறது என்று எண்ணுங்கள். “இந்த வாரம் எப்படி?” என்றால் ஒரு துண்டு, ஒரு சீட்டு போதும். “வேலையில் ஏன் ஒட்ட முடியவில்லை?” என்றால் மூன்று: இப்போதைய நிலை, பிடித்து இழுப்பது, செய்யக்கூடியது. இரண்டில் ஒன்றைத் தேர்வதற்கு ஐந்து. வருடப் பலன் மாதிரி கேட்டால் பன்னிரண்டு.

புதியவர்கள் எடுத்த எடுப்பில் செல்டிக் கிராஸுக்குப் போவார்கள். 1909-இல் லண்டனில் வெளியான, பமேலா கோல்மன் ஸ்மித் படம் வரைந்த கட்டுக்கு ஆர்தர் எட்வர்டு வெயிட் எழுதிய கையேட்டில் வந்த பத்துச் சீட்டு முறை அது. பெயர் பெற்றதால் எல்லாக் கேள்விக்கும் அதையே விரிக்கிறார்கள். நீண்ட நாள் முடிச்சு விழுந்து கிடக்கும் ஒரே விவகாரத்துக்கு அது நன்றாக உதவும். “நாளைக்கு இன்டர்வியூவுக்கு என்ன மனநிலையில் போகலாம்” என்பதற்குப் பத்துச் சீட்டு போட்டால் ஏழு சீட்டுக்குப் பதில் வலிந்து சொல்ல வேண்டிவரும். முதல் இரண்டு மாதம் மூன்று சீட்டைத் தாண்டாதீர்கள். மூன்று சீட்டுக்கே வரிசையோடு 4,56,456 விதம் உண்டு, சலிப்புத் தட்டாது.

இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். வழக்கமான சீட்டு 7 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம். செல்டிக் கிராஸின் வலப்பக்கத்து நான்கு சீட்டுத் தூணுக்கே இடைவெளியோடு 54 செ.மீ. வேண்டும். இரண்டடிக்கு இரண்டடி சமதளம் இல்லையென்றால் அதைத் தொடாதீர்கள். விரிப்புக்குப் பழைய பருத்தி வேட்டியை நான்காக மடித்தால் போதும். பத்தமடைப் பாய் பார்க்க அழகு, ஆனால் வழுக்கும். முரட்டுக் கோரைப்பாயில் சீட்டின் ஓரம் உரசித் தேயும். வெல்வெட் துணி விற்பவர்களுக்கு வருமானம், நமக்கு அவசியமில்லை.

இருப்பதை மாற்றுவது

மாற்றுவதில் எளிது வெட்டுவது. செல்டிக் கிராஸில் ஒன்பதாம் இடம் ஆசையையும் பயத்தையும் சேர்த்துக் கேட்கிறது. ஒரே சீட்டு இரண்டையும் சொல்லும்போது ஆரம்பநிலையில் இருப்பவர் தமக்குப் பிடித்த பக்கம் சாய்ந்துவிடுவார். அதை இரண்டாகப் பிரியுங்கள், அல்லது இன்றைக்கு ஆசையா பயமா என்று சீட்டைக் கலைக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். எட்டாம் இடம் சுற்றுச்சூழல். நம் பக்கத்துக் கேள்விகளில் இது எப்போதும் இரண்டு: வீட்டுக்குள் இருப்பவர்கள், ஊர் வாய். கல்யாணக் கேள்வி என்றால் இரண்டு சீட்டு வையுங்கள். வேலைக் கேள்வி என்றால் ஒன்று போதும். பத்தாம் இடத்து ‘முடிவு’ சீட்டை எடுத்துவிட்டு ‘அடுத்த அடி’ என்று வைத்தால் இன்னும் உபயோகம். இதில் கருத்து வேறுபாடு உள்ளவர்கள் நிறைய உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

இருவழி ஸ்ப்ரெட்டில் எல்லோரும் வழுக்கும் இடம் வேறு. “அண்ணாச்சி, ரதவீதியில கடை போடலாமா, வண்ணாரப்பேட்டையில போடலாமா?” என்று ஒருவர் கேட்கிறார். இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு, நடுவில் ஒன்று. எந்தப் பக்கம் எந்தக் கடை என்று சொல்லாமல் விரித்துவிட்டால், நல்ல சீட்டு விழுந்த பக்கம் தானாகவே மனதுக்குப் பிடித்த கடையாகிவிடும். இரண்டு துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதி, சீட்டு விழும் முன் இரு பக்கமும் வைத்துவிடுங்கள். நடுச் சீட்டு ‘எது நல்லது’ அல்ல. ‘இரண்டுக்கும் பொதுவாக என்ன செலவாகும்’.

பன்னிரண்டு சீட்டு ஸ்ப்ரெட்டை நம் ராசிக் கட்டத்துக்கு மாற்றுவதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். மேலைநாட்டு முறை வட்டம்: இடப்பக்கம் தொடங்கி, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் போகும். நம் கட்டம் சதுரம், கடிகாரத் திசை. மேல் வரிசையில் இடமிருந்து இரண்டாவது மேஷம். அதை முதல் வீடாக வைத்துப் பன்னிரண்டையும் சுற்றி அடுக்குங்கள், 2 செ.மீ. இடைவெளியோடு 34 செ.மீ. அகலம், 54 செ.மீ. உயரம் பிடிக்கும். நடுவில் காலியாக இருக்கும் இடத்தில் கேள்வித் தாளை வையுங்கள்.

சிக்கல் வீடுகளின் பொருளில். ஒன்பதாம் வீடு நமக்குத் தகப்பன், பாக்கியம். அவர்களுக்கு முதன்மையாகத் தூரப் பயணமும் உயர்படிப்பும். இரண்டையும் கலந்தால் எந்தச் சீட்டும் எதற்கும் பொருந்திவிடும். ஒரு மரபை எடுத்துக் கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். ஆறாம் வீடு நோய், கடன், பகை மூன்றையும் சுமக்கிறது. எது என்று முன்னமே வட்டம் போடுங்கள். இன்னொன்று: ஜாதகத்தில் கிரகமே இல்லாத வீடுகள் இருக்கும். இங்கே பன்னிரண்டிலும் சீட்டு விழுந்தே தீரும். அதனால் எல்லா வீட்டுக்கும் ஒரே கனம் கொடுக்காமல், கேள்விக்குச் சம்பந்தப்பட்ட மூன்று நான்கை மட்டும் ஆழமாக வாசியுங்கள்.

சொந்தமாக வரைவது

கேள்விகளை முதலில் எழுதுங்கள், வடிவத்தைப் பிறகு தேடுங்கள். நட்சத்திரம், தாமரை என்று படம் வரைந்துவிட்டு இதழுக்கு இதழ் கேள்வி கண்டுபிடிப்பவர்கள் நான்காவது இதழில் மாட்டிக்கொள்வார்கள்.

பெரும்பாலான சொந்த ஸ்ப்ரெட்டுகள் உடைவது கேள்வியை எழுதும் விதத்தில். சோதனை ஒன்றுதான்: அந்த இடத்தில் 78-இல் எந்தச் சீட்டு விழுந்தாலும் பதிலாக நிற்க வேண்டும். ‘எதிரி யார்?’ என்று ஓர் இடம் வைத்தால், ஆளைக் குறிக்கும் ராஜா, ராணி வகைச் சீட்டு 16-தான். மீதி 62 விழுந்தால் என்ன சொல்வீர்கள்? அதை ‘எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது?’ என்று மாற்றினால் எல்லாம் நிற்கும். ‘எந்த மாதம் நடக்கும்?’ என்பதும் அப்படியே. சீட்டில் தேதி இல்லை. ‘எது முடிந்தபின் நடக்கும்?’ என்று கேளுங்கள். ‘கிடைக்குமா?’ என்பதை ‘கிடைக்க எது குறைகிறது?’ ஆக்குங்கள்.

எழுதிய ஒவ்வோர் இடத்திலும் மூன்று சீட்டை வேண்டுமென்றே வைத்துப் பாருங்கள்: சூரியன், இடிந்து விழும் கோபுரம், கோப்பை ஏழு. ‘தடை’ என்ற இடத்தில் சூரியன் இருந்தால்? மிதப்பு தடையாகிறது, எல்லாம் வெளிச்சமாக இருப்பதால் ரகசியம் காக்க முடியவில்லை என்று ஏதாவது வர வேண்டும். வாய் அடைத்துப்போனால் கேள்வியைத் திருத்துங்கள், சீட்டை அல்ல.

இந்தச் சோதனையைத் தாண்டிய ஒன்றைத் தாமிரபரணி வடிவில் தருகிறேன். ஐந்து சீட்டு, ஒரே வரிசை. வடக்குப் பார்த்து உட்கார்ந்தால் இடக்கை மேற்கு. ஆறு ஓடுகிற திசையிலேயே சீட்டும் விழும்.

1. பொதிகை: விவகாரம் எங்கே ஊறுகிறது?
2. பாபநாசம் அணை: எது தேக்கி வைக்கப்பட்டிருக்கிறது?
3. வாய்க்கால்: எது வழியில் பிரிந்து வேறு வயலுக்குப் போகிறது?
4. குறுக்குத்துறை (ஆற்றுக்குள் நிற்கும் முருகன் கோயில்): வெள்ளம் மூழ்கடித்தாலும் எது அப்படியே நிற்கும்?
5. புன்னைக்காயல் (ஆறு கடலில் சேரும் இடம்): எங்கே போய்க் கலக்கும்?

மூன்றாவதைக் கவனியுங்கள். ‘எது வீணாகிறது?’ என்று எழுதத்தான் கை போகும். ஆனால் அணைக்கட்டில் பிரிகிற தண்ணீர் வீணாவதில்லை, யாரோ ஒருவருடைய நெல்லுக்குப் போகிறது. கேள்வியை அப்படி எழுதியதால் நல்ல சீட்டும் கெட்ட சீட்டும் அங்கே நிற்கின்றன.

அண்ணன் தம்பி பாகப்பிரிவினை பற்றிய கேள்விக்கு விரித்ததாக வைத்துக்கொள்வோம். பொதிகையில் நாணயம் பத்து: முதியவரும் குடும்பமும் உள்ள படம், விவகாரம் பூர்வீகத்தில் ஊறுகிறது. அணையில் வாள் இரண்டு: கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர், முடிவே தேங்கிக் கிடக்கிறது. வாய்க்காலில் நாணயம் ஐந்து: பனியில் நடக்கும் இரண்டு ஏழைகள், குடும்பத்தில் ஏற்கெனவே தள்ளாடுகிற யாருக்கோ பணம் போய்க்கொண்டிருக்கிறது, அதைக் கணக்கில் எடுக்கவில்லை. குறுக்குத்துறையில் பலம்: சிங்கத்தின் வாயைப் பதமாக மூடும் பெண். வீட்டில் ஒரு பெண்ணின் பேச்சு இன்னும் எடுபடும் என்று வாசிக்கலாம். புன்னைக்காயலில் கோல் ஐந்து. இது பொருந்தாத மாதிரி தோன்றும், கடலில் போய்ச் சண்டையா என்று. படத்தைப் பாருங்கள்: ஐந்து பேரும் கோலை ஓங்குகிறார்கள், யாருக்கும் அடிபடவில்லை. ஆளுக்கொரு பேச்சு பேசும் சபையில்தான் இது போய்ச் சேரும். எனவே சபையில் பேசுவதற்குத் தயாராகச் சொல்லலாம். “ஜெயிப்பீங்க” என்றோ “தோப்பீங்க” என்றோ சொல்ல இந்தச் சீட்டில் இடமில்லை. பத்திரம், வில்லங்கம் எல்லாம் வக்கீல் வேலை, உடம்புக்கு டாக்டர்.

விரித்தபின் மேஜர் அர்கானா (சூரியன், கோபுரம், பலம் மாதிரித் தனிப் பெயருள்ள பெரிய சீட்டுகள்) எத்தனை என்று எண்ணிப் பதறுவது ஒரு பழக்கம். கட்டில் 22 இருப்பதால் பத்துச் சீட்டில் சராசரியாக 2.8 வரும். மூன்று வந்தால் சாதாரணம். மூன்று சீட்டு ஸ்ப்ரெட்டில் மூன்றுமே மேஜர் என்றால்தான் அபூர்வம், நூற்றுக்கு இரண்டு தடவை.

பின்சேர்க்கை: தலைகீழ்ச் சீட்டு வாசிக்காதவர்களுக்கும் பாதிச் சீட்டு தலைகீழாக வருகிறது என்று பலர் கேட்டார்கள். தரையில் கவிழ்த்துப் பரப்பி இரு கையாலும் துழாவிக் கலைத்தால் அப்படித்தான் வரும். நேர் மட்டும் வேண்டுமென்றால் கையில் பிடித்துப் பக்கவாட்டிலேயே கலையுங்கள், வெட்டும்போது பாதியைத் திருப்பாதீர்கள். செல்டிக் கிராஸில் குறுக்கே படுக்கும் இரண்டாம் சீட்டை எப்போதும் நேராகவே வாசியுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: ஆனி ஆடிக் காற்றில், அல்லது தலைக்கு மேல் ஓடும் ஃபேனில், விரித்த சீட்டு புரண்டால் அதையும் ஒரு சேதியாக எடுக்கலாமா என்ற கேள்வி. வேண்டாம், சீட்டு எடுத்தது நீங்கள், ஃபேன் அல்ல. எல்லாச் சீட்டும் விழுந்தவுடன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். புரண்டால் படத்தைப் பார்த்துப் பழையபடி வைத்து, மூலைக்கு ஒரு சோழியைப் பாரமாக வையுங்கள்.